எந்த இடத்துக்கு எந்தப் பிலிம்

நான் வேலை செய்யும் கடைக்குப் பிலிம் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "நல்லா ஒட்டுறது எது மகள்?" அலுமினிய ஜன்னலுக்கும் அதே கேள்வி, குசினிக் கல்லுக்கும் அதே கேள்வி, புதிதாக இறக்கிய பிரிட்ஜின் கதவுக்கும் அதே கேள்வி. கீறல் விழாமல் இருக்க மேலே ஒட்டி வைக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளைத்தான் பிலிம் என்கிறோம். அது ஒரு நாள் கழற்றுவதற்கென்றே செய்த சாமான், அதனால் குறைவாக ஒட்டுவதுதான் நல்ல பிலிம் என்று சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஒட்டாத பசையைக் காசு கொடுத்து வாங்க யாருக்கு மனம் வரும்?

கடை களுவாஞ்சிகுடியில் பிரதான வீதியில் இருக்கிறது. அலுமினியம், கண்ணாடி, பெயின்ற் எல்லாம் விற்கிறோம். முதலாளி ஓட்டமாவடிக்காரர். அங்கே அவருக்கு இன்னொரு கடை இருப்பதால் வாரத்தில் பாதி நாள் இந்தக் கடை என் பொறுப்பில்தான். பிலிம் உருளைகளைப் பற்றி எனக்குப் படிப்பித்தவர் அவர்தான். கண்ணாடிபோல வழுவழுப்பான இடத்துக்கு இளம் பசை போதும். சொரசொரப்பான பூச்சு என்றால் பசை கொஞ்சம் பலமாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாளே காற்றில் பறக்கும். வெயில் படுகிற பக்கத்துக்கு வெயில் தாங்குகிற வகை தனியாக உண்டு. உள்வீட்டுப் பிலிமை வெளியே ஒட்டினால் சூட்டில் பசை உருகி, ஒட்டிய இடத்தோடு குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். நிலத்துக்குத் தடித்தது, வழுக்காதது. புதிதாக அடித்த பெயின்றுக்கு எதுவுமே ஒட்டக்கூடாது, கழற்றும்போது பெயின்றையும் சேர்த்துக் கொண்டு வரும். எதை ஒட்டுவதென்றாலும் முதலில் ஒரு மூலையில் துண்டு ஒட்டி, சில நாள் விட்டு உரித்துப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் நான் வாய் நோகச் சொல்லி முடித்த பிறகு வாடிக்கையாளர் கேட்பார், "நீல நிறத்தில இரிக்கா?"

ஒருமுறை வெல்லாவெளியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். புதிதாக உழவு இயந்திரம் வாங்கியிருந்தார். அதன் முன்மூடி, மட்காட் எல்லாவற்றுக்கும் பிலிம் வேண்டுமாம். வயல் வட்டைக்குள் இறக்கினால் சேறு பட்டு நிறம் போய்விடும் என்று கவலைப்பட்டார்.

"வட்டைக்குள்ள இறக்கத்தானே ஐயா வாங்கினீங்க?" என்றேன்.

"அதும் சரிதான் புள்ள," என்று சிரித்தார். சிரித்துவிட்டு, முதலில் கேட்டதைவிட இரண்டு முழம் கூடவே வாங்கிக்கொண்டு போனார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். எங்கள் வீட்டு வாசலுக்கு அது வந்ததே இல்லை.

எங்கள் வீடு தேற்றாத்தீவில். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. தாயின் வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேருவார், தாயும் தகப்பனும் அதே வளவுக்குள் பின்னால் ஒரு சின்ன வீடு போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். எங்கள் வளவில் இந்த ஒழுங்கில் ஒன்று மட்டும் பிசகிவிட்டது. எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கியதும், அம்மா சீதனமாகக் கொண்டுவந்த பழைய வீட்டை அப்பா உடைத்தார். அந்த இடத்தில் எனக்கென்று கல்வீடு எழும்பியது. பழைய ஓடுகளையும் கதவுகளையும் வைத்துப் பின்னால் இரண்டு அறையில் சாய்ப்புக் கூரையோடு ஒரு பத்தியை இறக்கினார். அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் அதற்குள் போனோம். எல்லாம் முறைப்படி நடந்தது. மாப்பிள்ளை மட்டும் வரவில்லை.

காணி உறுதியில் என் பெயர் இருந்தது. வீட்டுப் பூட்டின் திறப்பு அப்பாவின் அரைஞாணில் இருந்தது.

அப்பா பஸ் ஓட்டி இளைப்பாறியவர். புதுப் பஸ் கொடுத்தால் சாரதி ஆசனத்தின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க விடமாட்டார். அது தானாகக் கிழிந்தால் டேப் ஒட்டுவார். எங்கள் வீட்டு டீவி ரிமோட் பொலித்தீன் பைக்குள் வாழ்கிறது. வெளியே தெரியாமல் போன இலக்கங்களை நாங்கள் விரலால் தடவித்தான் கண்டுபிடிப்போம். அப்படிப்பட்ட மனிதரின் கையில் ஒரு முழு வீடு கிடைத்தால் என்ன ஆகும்?

நான் ஒரு சுகயீன லீவில் நின்ற நாள் பார்த்து அவரே கடைக்குப் போயிருக்கிறார். அன்று நின்ற முதலாளியிடம் இருப்பதிலேயே பலமான பசையுள்ள பிலிமைக் கேட்டிருக்கிறார். அது சொரசொரப்பான கதவுகளுக்கு உள்ளே ஒட்டுவது. கொண்டுவந்து வழுவழுப்பான ஜன்னல்களுக்கு வெளியே ஒட்டினார். நான் தலையில் கை வைத்தேன்.

"அப்பா, இது வெயிலுக்கு ஆகாது. கன நாள் விட்டா உரியாது."

"உரிக்கிற ஆர் இப்ப?" என்றார். "மாப்பிள்ள வந்து குடிபூரக்குள்ள உரிச்சாப் போச்சு. ஒட்டினா ஒட்டினதா இரிக்கணும்."

மாப்பிள்ளை எப்போது வருவார் என்று பிலிமுக்குத் தெரியாதே. எனக்கே தெரியாது. ஜன்னல்களில் மட்டுமல்ல, மின்விசிறிச் சிறகு, குசினித் தொட்டி, தண்ணீர்க் குழாய், அலுமாரிக் கண்ணாடி என்று ஒட்டக்கூடிய எல்லாவற்றிலும் ஒட்டினார். பிலிம் முழுக்கக் கம்பனிப் பெயர் பெரிய எழுத்தில் ஓடியது. வீதியால் போகிறவர்களுக்கு அது என் வீடா, கம்பனியின் விளம்பரப் பலகையா என்று தெரிந்திருக்காது.

இதில் பாடுபட்டது அம்மா. அவருக்கு முழங்கால் வருத்தம். பத்தியில் அடுப்பு நிலத்தில் இருந்தது. குந்தியிருந்து சமைத்துவிட்டு எழும்பும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "முருகா" என்று ஒரு மூச்சு விடுவார். மழை பெய்தால் கூரை ஒழுகும், நாங்கள் சட்டிகளை இடம் மாற்றி மாற்றி வைப்போம். முன்னால் இடுப்பளவு உயரத்தில் கல் பதித்த குசினி பூட்டிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா அந்த வீட்டைக் கூட்டப் போவார். அன்று மட்டும் திறப்பு அவர் கைக்கு வரும். கால் கழுவி, துடைத்து, அதன் பிறகுதான் ஏறுவார். கூட்டுவதற்கு வேண்டிய நேரத்தைவிடக் கூட நேரம் எடுப்பதைக் கண்டு ஒரு நாள் நான் பின்னால் போய்ப் பார்த்தேன். அம்மா குசினிக் கல்லுக்கு முன்னால் நின்று, ஒன்றுமில்லாத கல்லின் மேல் கையை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தார். மீன் வெட்டுகிற கை அசைவு அது. என்னைக் கண்டதும் தும்புத்தடியை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அப்பாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

"அம்மா அங்க இருந்து சமைச்சா என்னப்பா?"

"உனக்குத் தாற வீட்டில நாங்க இருந்து பழுதாக்கினா நாளைக்கு வாறவன் என்ன சொல்லுவான்?"

"வாறவன் வரட்டுமே முதல்ல."

அம்மாதான் இடையில் புகுந்தார். "உடு மகள். எனக்கு இஞ்ச பழகிற்று." பழகவில்லை என்பது அந்த வளவில் நின்ற கோழிகளுக்கும் தெரியும்.

போன மாரிக்கு மழை விடாமல் அடித்தது. வாவி நிரம்பிவிட்டது. கடலோடு சேர்கிற ஆற்றுவாயில் மணலை வெட்டி விட்டால்தான் தண்ணீர் வடியும். அதை வெட்டுகிறார்கள், வெட்டப் போகிறார்கள், வெட்டக் கூட்டம் போடுகிறார்கள் என்று ஆளுக்கொரு கதை வந்துகொண்டிருக்க, ஒரு மத்தியானம் தண்ணீர் எங்கள் பத்திக்குள் வந்து அடுப்பை அணைத்தது. முன்வீட்டுக்கு உயரமான அத்திவாரம். போக வேறு இடமில்லை. அப்பா பெரிய மனது பண்ணித் திறப்பை எடுத்தார்.

டீவி முதலில் போனது. அரிசி மூட்டை போனது. நானும் போனேன். அம்மா சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, படியில் கால் வைத்தார்.

"நில்லுகா, நில்லு!" என்று அப்பா கத்தினார். "சேத்துக் காலோட ஏறாத. இஞ்ச புள்ள, அந்த மிஞ்சின உருளய எடு, நிலத்துக்கு விரிப்பம்."

"அது ஜன்னல் பிலிம் அப்பா. நிலத்துக்கு வேற. ஈரத்தில இது வழுக்கும்."

"பிலிம் எண்டாப் பிலிம்தான். உன்ட கடக் கதயக் கடையில போய்க் கத."

அவர் முழந்தாளில் நின்று, ஏற்கெனவே மழைத்தண்ணீர் சொட்டியிருந்த டைல்ஸ் மேல் பிலிமை விரித்தார். ஈரத்தில் அது ஒட்டவில்லை. அவர் கையால் தடவித் தடவி ஒட்டப் பார்த்தார். அம்மா கீழ்ப்படியில், கெண்டைக்கால் தண்ணீரில், பானையோடு நின்றார். மழை அவர் தலையில் பெய்தது.

"ஏறுங்கம்மா," என்று நான் கத்தினேன்.

"அவர் விரிக்கட்டும் மகள். நான் நிக்கிறன்."

விரித்து முடித்து, "ம், இப்ப வா," என்றார் அப்பா. அம்மா வந்தார். இரண்டாவது எட்டில் பிலிம் அவரையும் ஏற்றிக்கொண்டு சறுக்கியது. பானை ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா டைல்ஸைப் பார்க்கவில்லை. சேற்றுக் காலோடு வெளியே ஓடி, உழவு இயந்திரம் பிடித்து, அதே சேற்றுக் காலோடு உள்ளே வந்து அம்மாவைத் தூக்கினார்.

கணுக்கால் எலும்பு. மாவுக்கட்டுப் போட்டார்கள். குந்தக்கூடாது, நிலத்தில் படுக்கக்கூடாது, கொமட் உள்ள கழிவறை வேண்டும் என்றார் டொக்டர். எங்கள் வளவில் கொமட் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதன் மூடியிலும் பிலிம் ஒட்டியிருந்தது.

"முன்வீட்டில வெச்சிருப்பம்," என்று அப்பாவே சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "எலும்பு பொருந்தும் மட்டும்," என்று சேர்த்துக்கொண்டார்.

அப்படித்தான் அம்மா என் வீட்டுப் பெரிய அறைக்குக் குடிவந்தார். மெத்தை கம்பனிப் பொலித்தீனுக்குள் இருந்தது. அதன் மேலேயே விரிப்பைப் போட்டார் அப்பா. அம்மா ஒரு பக்கம் திரும்பினால் சரசரவென்று சத்தம். முதுகெல்லாம் வேர்வை. கிழிக்கலாம் என்றேன்.

"மாப்பிள்ள வந்து கிழிக்கட்டும். மெத்த பழுதாகிரும்."

"மாப்பிள்ளையா இதில கிடந்து வேர்க்கிறார்?"

கத்தியை எடுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிழித்தேன். அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். அம்மா சத்தமில்லாமல் ஒரு தரம் திரும்பிப் படுத்துப் பார்த்தார்.

அடுத்தது ஜன்னல். கட்டிலில் படுத்தபடி வீதியைப் பார்க்க அம்மாவுக்கு ஆசை. ஆனால் அப்பா சட்டத்தோடு கண்ணாடிக்கும் சேர்த்து ஒட்டியிருந்தார், வெயிலில் அது பழுத்துப் பால் நிறமாகியிருந்தது. வெயில் எறித்ததும் வேலையைத் தொடங்கினேன். தொழில் முறைப்படி ஒரு மூலையை நகத்தால் கிளப்பினேன். நகம் அளவு துண்டு வந்தது. அடுத்ததும் நகம் அளவு. கண்ணாடியில் ஒட்டியிருந்ததைத் தேங்காயெண்ணெய் பூசி, ஊறவிட்டு, சுடுதண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க மெதுவாக இளகியது. சட்டத்திலிருந்து பிலிம் வந்தாலும் பசை வரவில்லை. தூசி வந்து அதில் குடியேறியது.

நான் கடைக்குப் போயிருந்த நேரம், உதவி செய்கிறேன் என்று அப்பா பெயின்ற் கரைக்கிற தின்னர் போத்தலோடு இறங்கிவிட்டார். திரும்பி வந்தபோது அவர் கையிலிருந்த துணி மண்ணிறம், ஜன்னல் சட்டம் வெள்ளை. பசையோடு சேர்ந்து சட்டத்தின் மண்ணிறப் பூச்சும் கழன்றிருந்தது. அப்பா துணியையும் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ இதெல்லாம் முதலே சொல்லியிருக்கலாமே புள்ள," என்றார்.

நான் போத்தலை வாங்கி மூடி வைத்தேன். வாயைத் திறந்திருந்தால் அன்று வீட்டில் இன்னொரு எலும்பும் முறிந்திருக்கும்.

அம்மாவுக்கு உயரமான ஸ்டூல் ஒன்று கொண்டுவந்தேன். கட்டோடு அதில் இருந்தபடியே குசினிக் கல்லில் மீன் வெட்டினார். மஞ்சள் கறை பட்டது. அவர் திடுக்கிட்டு, சேலைத் தலைப்பால் அழுத்தி அழுத்தித் துடைத்தார். போகவில்லை. அன்று வைத்த செல்வன் மீன் குழம்பை அப்பா முன்வீட்டு மேசையில் இருந்து சாப்பிட்டார். சோற்றுக் கோப்பைக்குக் கீழே பத்திரிகை விரித்திருந்தார். இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டார்.

கட்டு வெட்டினார்கள். அம்மா ஊன்றுதடியோடு நடக்கத் தொடங்கினார். எலும்பு பொருந்தும் மட்டும் என்பது முடிந்துவிட்டது. அதைப்பற்றி அப்பாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அம்மா தன் சேலைகளை அலுமாரியில் வைக்கவேயில்லை. ஒரு பைக்குள் மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்.

அப்போதுதான் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் நல்ல வேலை. தாயும் தாய்மாமனும் வீடு பார்க்க வந்தார்கள். என்னையும் பார்த்தார்கள், வீட்டைப் பார்த்த அளவுக்கு இல்லை. அந்தத் தாய் ஜன்னல் சட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். குசினிக் கல்லின் மஞ்சள் கறையைப் பார்த்தார். பெரிய அறை வாசலில் நின்று, கட்டிலில் இருந்த அம்மாவிடம் சுகம் விசாரித்தார். பிறகு மண்டபத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வீடு புழங்கினாப்போல இரிக்கே," என்றார் அப்பாவிடம், சிரித்துக்கொண்டுதான். "குறையாச் சொல்லல்ல. கலியாணம் முடியும் மட்டும் உள்ளுக்கு இரிக்கிற அக்கா பின்னுக்கு இரிந்தா நல்லம். ஜன்னலுக்குப் பெயின்ற அடிச்சு, திரும்பவும் பிலிம் ஒட்டி வெச்சாப் புதுசாட்டம் வந்திரும். மகள் அந்தக் கடையிலதானே வேல. எதுக்கு எது எண்டு அவக்குத் தெரியாததா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் மண்டை தொழில் பழக்கத்தில் பதிலைத் தேடத் தொடங்கியது. புதுப் பெயின்ற் என்றால் காயும் வரை ஒட்டக்கூடாது, தெற்குப் பக்கத்துக்கு வெயில் தாங்கும் வகை. அப்பாவைப் பார்த்தேன். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக அவர் வாயிலிருந்து வந்ததைத்தான் அந்த அம்மாள் திருப்பிச் சொல்லியிருந்தார். ஓம் என்று சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

அறைக்குள் ஊன்றுதடிச் சத்தம் கேட்டது. அம்மா வாசலுக்கு வந்தார். ஒரு கையில் தடி, தோளில் சேலைப் பை, கக்கத்தில் தலையணை. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. விருந்தாளிகளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்கதவை நோக்கி நடந்தார்.

அப்பா எழுந்தார். அம்மாவுக்குக் குறுக்கே போய் நின்று, கக்கத்திலிருந்த தலையணையை இழுத்து எடுத்தார்.

"எங்ககா போறாய்?" என்றார். "போ, உள்ளுக்குப் போய்ப் படு."

அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. அப்பா அன்று பின்னேரம் அம்மாவின் பையிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்புக் குலைந்தபடியே அலுமாரிக்குள் வைத்தார். அம்மா கட்டிலில் இருந்து, எது எங்கே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.